வெற்றிடத்தின் அமுக்கத்தை நின்று விளக்குகிற கல்லடி வகுப்பு

மட்டக்களப்பில் பரீட்சைக்குச் சொல்லித் தருகிற வகுப்பைத் தேடி அலையத் தேவையில்லை. ஒவ்வொரு சந்தியிலும் பதாகை தொங்கும். பரீட்சையில் ஒரு கேள்வியும் வராத விசயத்தை, வேலைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற, ஓய்வூதியம் எடுக்கிற ஆட்களுக்குத் தமிழில் சொல்லித் தருகிற வகுப்பு என்றால் தேடத்தான் வேண்டும். கல்லடியில் அப்படி ஒன்று நடக்கிறது. ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு, கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில். பாடம், பிரபஞ்சம் விரிகிற வேகத்தைச் சடப்பொருளும் வெற்றிடமும் காலத்தோடு எப்படி மாற்றிக்கொண்டு வந்தன என்பது. முழுத் தொகுதிக்கும் 3,000 ரூபா. நான் கடைசிவரை இருந்து படித்தேன். கணக்கைக் கண்டு ஒதுங்காதவர்கள் தாராளமாகப் போகலாம் என்பது என் முடிவு. நல்லது எது, குறை எது என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இப்படி ஒரு வகுப்பு ஆளில்லாமல் நின்றுபோகக் கூடாது.

என் தொழிலைச் சொன்னால்தான் நான் எதை வைத்து மதிப்பிடுகிறேன் என்று விளங்கும். நீர்ப்பாசனத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். ஊர் களுவாஞ்சிகுடி, வேலை பெரும்பாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில். குளக்கட்டு, துருசு, வாய்க்கால், இவைதான் என் நாள். துருசுக் கதவில் அமுக்கம் எவ்வளவு, கட்டின் அடியில் எவ்வளவு என்று கணக்குப் போடாமல் ஒரு வாரம் கழியாது. அதனால்தான் இணையத்தில் வருகிற காணொளிகள் எனக்குப் பொறுக்கவில்லை. 'வெற்றிடத்துக்கு ஒரு சக்தி உண்டு, அது பிரபஞ்சத்தைத் தள்ளுகிறது' என்பார்கள். அடுத்த வசனத்தில் 'அதற்கு மறை அமுக்கம்' என்பார்கள். அப்புறம் நிறம் நிறமாகப் படம் காட்டப் போய்விடுவார்கள். மறை அமுக்கம், அதாவது பூச்சியத்துக்கும் கீழான அமுக்கம், என்றால் இழுவை. இழுக்கிற ஒன்று எப்படி விரிவைக் கூட்டும்? இந்த இடத்தில் நின்று பதில் சொல்லாத எதையும் நான் பாடமாக ஏற்பதில்லை. முன்பு ஓர் இணைய வகுப்புக்குக் காசு கட்டிச் சேர்ந்தேன். அங்கே திரையில் இருந்ததை அப்படியே வாசித்துக்கொண்டு போனார்கள். கேள்வி கேட்டால் 'கடைசியில் பார்ப்போம்' என்றார்கள், கடைசி வரவேயில்லை.

கல்லடி வகுப்பை நடத்துகிறவர் ஓர் இளம் பெண், பௌதிகப் பட்டதாரி. வகுப்பில் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். என்னைவிட நிறைய இளையவர், என்னை அக்கா என்பார். காத்தான்குடியிலிருந்து வருகிற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரும் இருந்தார். அவர் வாசலில் தெரிந்தால் மிஸ் எழும்பி நின்று 'வாங்க சேர்' என்று சொல்லித் தன் கதிரைக்குப் பக்கத்தில் இடம் விடுவார். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த இரண்டு மூன்று பொடியன்கள், ஒரு தாதி, ஒரு வங்கி உத்தியோகத்தர். சிறிய கூட்டம், பெரிய வெள்ளைப்பலகை, இரண்டு மின்விசிறி. கடற்காற்று வருவதால் விசிறியை நிற்பாட்டினாலும் இருக்கலாம். நடுவில் இஞ்சி போட்ட பிளேன்டீ வரும், அதற்குத் தனிக் காசு இல்லை.

முதல் நாள் சடப்பொருளோடு தொடங்கினார். 1922இல் ரஷ்யக் கணிதவியலாளர் பிரீட்மன், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளிலிருந்து விரியும் பிரபஞ்சத்துக்கான சமன்பாட்டை எடுத்தார். 1927இல் பெல்ஜியப் பாதிரியார் லெமேத்ர் அதே வழியில் தனியாக வந்து, அதைத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் வேகத்தோடு பொருத்தினார். 1929இல் அமெரிக்க வானியலாளர் ஹபிள், தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடுகிறது என்பதை அளவுகளோடு வெளியிட்டார். வரலாறு இவ்வளவோடு சரி. மிச்ச நேரம் முழுக்க ஒரு கேள்வி: சடப்பொருள் ஒன்றையொன்று ஈர்க்கிறது, அப்படியென்றால் விரிவு குறைந்துகொண்டு வரவேண்டும், எவ்வளவு குறையும்?

இங்கே ஒரு கணக்கைப் பலகையில் முழுதாகச் செய்து காட்டினார், எனக்கு அது மிகவும் பிடித்தது. இன்றைய விரிவு வீதம், பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியை அளந்த பிளாங்க் செய்மதியின் அளவுகளை வைத்து 2018இல் வெளியான பெறுமானப்படி, ஒவ்வொரு மெகாபார்செக் (ஏறத்தாழ 32.6 இலட்சம் ஒளியாண்டு) தூரத்துக்கும் செக்கனுக்கு 67.4 கிலோமீட்டர். ஒன்றுமே தடுக்கவில்லை, ஒன்றுமே கூட்டவில்லை, இதே வேகத்தில்தான் எல்லாம் ஓடி வந்தன என்று வைத்தால் பிரபஞ்சத்தின் வயது 1,450 கோடி ஆண்டு. சடப்பொருள் மட்டும் நிறைந்து, அது தொடக்கத்திலிருந்து தடுத்துக்கொண்டே வந்தது என்று வைத்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 970 கோடி ஆண்டு. ஆனால் நமது பால்வீதியின் கோளக் கொத்துகளில் (பழைய விண்மீன்கள் பந்துபோலத் திரண்ட கூட்டங்கள்) 1,200, 1,300 கோடி ஆண்டு வயதான விண்மீன்கள் இருக்கின்றன. வீட்டைவிட வயது கூடிய பிள்ளைகள். இந்த இடைஞ்சல் 1990களில் வானியலாளர்களை எவ்வளவு தொந்தரவு செய்தது என்பதைச் சொல்லிவிட்டு அன்றைய வகுப்பை முடித்தார். அடுத்த ஞாயிறு வரை நான் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாவது பகுதிதான் இந்த வகுப்பின் உயிர். ஒரு சிலிண்டரும் அதற்குள் நகர்கிற முசலமும் (பிஸ்டன்) வரைந்தார். உள்ளே வெறும் வெற்றிடம். வெற்றிடத்துக்கு ஒவ்வொரு கன மீட்டருக்கும் மாறாத ஒரு சக்தி உண்டு என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். இனி முசலத்தை வெளியே இழுக்கிறோம். உள்ளே வாயு இருந்தால் அது ஐதாகும், சக்தி அடர்த்தி குறையும். வெற்றிடம் ஐதாக முடியாது. இடம் கூடினால் அதே அடர்த்தியில் இன்னும் கொஞ்ச வெற்றிடம், இன்னும் கொஞ்சச் சக்தி. அந்தக் கூடுதல் சக்தி எங்கிருந்து வந்தது? முசலத்தை இழுத்த கையிலிருந்து. அப்படியென்றால் உள்ளே இருப்பது முசலத்தை உள்நோக்கி இழுத்திருக்க வேண்டும். அதுதான் மறை அமுக்கம், அதன் அளவு சரியாகச் சக்தி அடர்த்தியின் அளவே, குறி மட்டும் மாறும். இதை 1934இலேயே லெமேத்ர் எழுதியிருக்கிறார் என்பதையும் சொன்னார். மூன்று வரியில் முடிந்தது. எத்தனையோ காணொளி பார்த்தும் விளங்காதது அந்த மூன்று வரியில் விளங்கியது.

இங்கேதான் நான் கை தூக்கினேன்.

"மிஸ், குளத்துத் தண்ணி துருசால வெளியே வாறது ரெண்டு பக்கமும் அமுக்கம் வேற வேற எண்டதால. எல்லா இடத்திலயும் ஒரே அமுக்கம் எண்டா ஒண்டும் அசையாதே. வெற்றிடம் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரித்தானே இருக்கு? அப்ப எது எதைத் தள்ளுது?"

"ஒண்டும் தள்ளல்ல அக்கா. நீங்க சொல்றது முழுக்கச் சரி. அமுக்க வித்தியாசம் இல்லாத இடத்தில அமுக்கத்தால விசை வராது. பிரபஞ்சத்துக்கு வெளியே நிண்டு இழுக்கிற முசலமும் இல்ல. இப்ப அமுக்கத்தை விசையா பாக்கிறத விட்டுட்டு, அதுட ஈர்ப்பைப் பாருங்க."

பலகையைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு சமன்பாட்டை எழுதினார். நியூட்டனின் ஈர்ப்பில் அடர்த்தி மட்டும்தான் ஈர்க்கும். ஐன்ஸ்டைனின் ஈர்ப்பில் அமுக்கமும் ஈர்க்கும், அதுவும் மூன்று திசைக்கும் சேர்த்து மூன்று மடங்காக. விரிவைத் தடுக்கும் ஈர்ப்பு, அடர்த்தியோடு அமுக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் வருவதைப் பொறுத்தது. (அமுக்கத்தை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும், அது அலகுக்காக.) விண்மீன், தூசு, ஒளிவிடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரிகிற இருண்ட சடப்பொருள் ஆகியவற்றின் அமுக்கம் இந்தக் கணக்கில் கிட்டத்தட்டப் பூச்சியம். ஆகவே அவை அடர்த்தி அளவுக்குத் தடுக்கும். ஒளியின் அமுக்கம் அதன் சக்தி அடர்த்தியில் மூன்றில் ஒன்று, ஆகவே ஒளி இரண்டு மடங்கு தடுக்கும். வெளியே தள்ளுவதாக நாம் நினைக்கிற நேர் அமுக்கம் விரிவைத் தடுக்கிறது! வெற்றிடத்துக்கோ, ஒன்றிலிருந்து மூன்றைக் கழித்தால் மறை இரண்டு. தடுக்கிறதற்குப் பதில் விரிவைக் கூட்டுகிறது, தன் அடர்த்தியின் இரண்டு மடங்கு வலுவோடு.

காத்தான்குடி சேர் "ஆ, குறி மாறிட்டு!" என்று உரத்துச் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை. மறை அமுக்கம் இழுப்பதால் பிரபஞ்சம் விரைவதில்லை. மறை அமுக்கத்துக்கும் ஈர்ப்பு உண்டு, அந்த ஈர்ப்பு விலக்குகிற ஈர்ப்பு. அமுக்கத்தோடு வாழ்கிற எனக்கு அமுக்கத்தின் இந்த இன்னொரு வேலையை இத்தனை வருசமாக யாரும் சொல்லித் தரவில்லை. பாடசாலையிலும் இல்லை, தொழிற்பயிற்சியிலும் இல்லை. குளக்கட்டில் அது தெரியாததற்குக் காரணமும் உண்டு. 10 மீட்டர் ஆழத் தண்ணீரின் அமுக்கம் ஏறத்தாழ 98,000 பாஸ்கல். அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தண்ணீரின் அடர்த்திக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அமுக்கம் ஈர்ப்பில் கணக்கில் வர, அது சக்தி அடர்த்தி அளவுக்கே வளர வேண்டும். ஒளியும் வெற்றிடமும்தான் அப்படி.

வெற்றிடத்தின் அமுக்கம் எவ்வளவு என்று பொடியன் ஒருவன் கேட்டான். மறை 5.3 × 10⁻¹⁰ பாஸ்கல். நம்மைச் சுற்றியிருக்கும் வளியின் அமுக்கம் இதைப்போல ஏறத்தாழ 2 கோடி கோடி மடங்கு. இவ்வளவு சின்னது எப்படிப் பிரபஞ்சத்தை ஆளும் என்றால், பிரபஞ்சம் சராசரியாக அவ்வளவு வெறுமை. சாதாரண அணுக்களை எல்லா இடத்துக்கும் சமமாகப் பரப்பினால் 4 கன மீட்டருக்கு ஓர் ஐதரசன் அணுதான் கிடைக்கும். இருண்ட சடப்பொருளையும் சேர்த்தால் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை ஐதரசன் அணுவின் திணிவுக்குச் சற்று மேல். வெற்றிடத்தின் பங்கு அதே கன மீட்டரில் மூன்றரை ஐதரசன் அணுவின் திணிவு. இது கட்டின் அடியிலும் உண்டு, கடலுக்குள்ளும் உண்டு, சூரியனுக்குள்ளும் உண்டு. அங்கெல்லாம் மற்றவை அடர்ந்து கிடப்பதால் தெரிவதில்லை.

மூன்றாவது பகுதி காலம். இங்கே அவர் சுவர் நீளத்துக்கு ஒரு கடதாசிச் சுருளை ஒட்டி வைத்திருந்தார். இடது ஓரம் பெருவெடிப்பு, வலது ஓரம் இன்று, மொத்தம் 1,380 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் நீளம் இரண்டு மடங்கானால் சடப்பொருளின் அடர்த்தி எட்டில் ஒன்றாகும், கன அளவு எட்டு மடங்கானதால். ஒளியின் அடர்த்தி பதினாறில் ஒன்றாகும், ஒளியின் அலைநீளமும் சேர்ந்து நீள்வதால். வெற்றிடத்தின் அடர்த்தி அப்படியே இருக்கும். இந்த மூன்று விதியையும் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் போனால் முழு வரலாறும் வந்துவிடுகிறது. மூத்த காலத்தில் ஒளிதான் எசமான், ஏறத்தாழ முதல் 50,000 ஆண்டு. பிறகு சடப்பொருள். 3,80,000 ஆண்டில் அணுக்கள் உருவாகி ஒளி தடையின்றிப் பயணிக்கத் தொடங்கியது. அந்த ஒளிதான் இன்று 2.725 கெல்வின் குளிர்ந்த நுண்ணலைப் பின்னணியாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. அப்போது வெற்றிடம் கணக்கில் எடுக்கத் தகுந்ததே இல்லை. மெல்ல மெல்லச் சடப்பொருள் ஐதாகி ஐதாகி, வெற்றிடத்தின் இரண்டு மடங்கு அளவுக்கு இறங்கிய நேரத்தில் தடுப்பும் கூட்டலும் சமன். அது பெருவெடிப்பிலிருந்து 770 கோடி ஆண்டில், அதாவது இன்றிலிருந்து 610 கோடி ஆண்டுக்கு முன். அன்றுமுதல் விரிவு விரைகிறது.

இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை வைத்து மிஸ் ஒரு பழைய கதையைத் திறந்தார். 1917இல் ஐன்ஸ்டைன், பிரபஞ்சம் விரியாமல் சுருங்காமல் நிற்க வேண்டும் என்று தன் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்தார். வெற்றிடத்தின் சக்தி செய்கிற அதே வேலையைத்தான் அந்த மாறிலியும் செய்யும். அவர் தேர்ந்தெடுத்த சமநிலையும் இதே விகிதம், சடப்பொருள் இரண்டு பங்கு, வெற்றிடம் ஒரு பங்கு. 1930இல் ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் அந்தச் சமநிலை நிற்காது என்று காட்டினார். கொஞ்சம் விரிந்தால் சடப்பொருள் ஐதாகும், வெற்றிடம் மேலோங்கும், இன்னும் விரியும். கொஞ்சம் சுருங்கினால் எதிர்ப்பக்கம். ஐன்ஸ்டைன் நிலையாக நிறுத்தப் பார்த்த விகிதத்தை, நம் பிரபஞ்சம் 610 கோடி ஆண்டுக்கு முன் ஓடுகிற ஓட்டத்தில் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. இதைக் கேட்டபோது வகுப்பே பேசாமல் இருந்தது.

சூரியனும் பூமியும் உருவானது 450 கோடி ஆண்டுக்குச் சற்று முன், ஆகவே விரைவு தொடங்கிய பிறகு. வெற்றிடத்தின் அடர்த்தியும் சடப்பொருளின் அடர்த்தியும் சமமானது 350 கோடி ஆண்டுக்கு முன், அப்போது பூமிக்கு வயது நூறு கோடி ஆண்டைத் தொட்டிருந்தது. இன்று மொத்தத்தில் சடப்பொருள் 31.5 சதவீதம், வெற்றிடம் 68.5 சதவீதம். வயதுக் கணக்கும் இப்போது சரிவருகிறது. முதற்பாதியில் சடப்பொருள் பிடித்திழுத்ததும் பிற்பாதியில் வெற்றிடம் கூட்டியதும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்வதால்தான் 1,380 கோடி என்ற வயது, ஒன்றுமே நடக்காவிட்டால் வரும் 1,450 கோடிக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறது. பழைய விண்மீன்களுக்கும் இடம் கிடைத்துவிட்டது.

வீட்டுவேலையாக, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து வானியலாளர் நெட் ரைட் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பிரபஞ்சக் கணிப்பானைத் தருகிறார். விரிவு வீதம், சடப்பொருளின் பங்கு, வெற்றிடத்தின் பங்கு என்று மூன்றையும் நாமே போட்டால் வயதும் தூரமும் வரும். போனிலேயே ஓடும். சடப்பொருளை 0.1 ஆகவும் வெற்றிடத்தை 0.9 ஆகவும் வைத்தேன், வயது 1,850 கோடிக்கு ஏறியது. வெற்றிடத்தைப் பூச்சியமாக்கிச் சடப்பொருளை ஒன்றாக்கினால் 970 கோடிக்குக் கீழே விழுந்தது. பஸ்ஸில் களுவாஞ்சிகுடி போய்ச் சேரும்வரை எண்களை மாற்றிக்கொண்டே இருந்தேன். இந்த ஒரு பயிற்சிக்காகவே 3,000 ரூபா பெறும்.

விரிவு விரைகிறது என்ற 1998இன் கண்டுபிடிப்பைப் பற்றிய பாடமும் நன்று, கொஞ்சம் வேகம். ஒரு வகைச் சுப்பர்நோவா (வெடித்துச் சிதறும் விண்மீன்) ஏறத்தாழ ஒரே பிரகாசத்தில் வெடிப்பதால், மங்கலாகத் தெரிந்தால் தூரம் என்று கணிக்கலாம். விரிவு குறைந்துகொண்டு வந்திருந்தால் எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டுமோ அதைவிடவும் மங்கலாக இருந்தன. பேர்ல்மட்டர் ஒரு குழுவிலும் ஷ்மிட், றீஸ் இருவரும் போட்டிக் குழுவிலும் இருந்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். 2011இல் மூவருக்கும் நோபல் பரிசு.

இனிக் குறைகள். முதலாவது, 'விரிவு விரைகிறது' என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் 'ஹபிள் வீதம் குறைந்துகொண்டுதான் போகிறது' என்றார். (ஹபிள் வீதம் என்பது முதல் நாள் பார்த்த, இன்று 67.4 ஆக இருக்கிற அந்த விரிவு வீதம்தான்.) இரண்டும் சரி, ஆனால் விளக்கத்துக்குக் கொடுத்த நேரம் போதவே போதாது. தாதி முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிளேன்டீ நேரத்தில் நாங்கள் எங்களுக்குள் கதைத்துத்தான் தீர்த்தோம். ஒரு குறிப்பிட்ட விண்மீன் மண்டலத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், அது தூரமாகப் போகப் போக அதன் வேகம் கூடுகிறது. அதுதான் விரைவு. ஒரு குறிப்பிட்ட தூரத்தில் ஒரு கோடு கீறி வைத்து, அந்தக் கோட்டைக் கடக்கிறவை என்ன வேகத்தில் கடக்கின்றன என்று பார்த்தால், பிந்தி வருகிறவை முந்தி வந்தவற்றைவிட மெதுவாகக் கடக்கும். ஹபிள் வீதம் சொல்வது அதை. சடப்பொருள் ஐதாகி முடிந்ததும் அந்த வீதம் 56க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும், பூச்சியத்துக்கு இறங்காது. இதற்கு ஒரு முழு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, அச்சுக் குறிப்புகள். படியெடுத்ததைப் படியெடுத்துத் தருவதால் வரைபடத்தின் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. சுவரில் இருக்கிற சுருளை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும். மூன்றாவது, தொகையீடு என்ற உயர்கணித முறை தெரியாதவர்கள் வயதுக் கணக்கில் தொலைந்துபோகிறார்கள். வங்கி உத்தியோகத்தர் பாதியில் நின்றுவிட்டார், அது எனக்குக் கவலை. ஆர்வத்தில் அவர் எங்கள் யாருக்கும் குறைந்தவரில்லை. விடையைக் கணிப்பானில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை முன்னரே சொல்லியிருந்தால் இருந்திருப்பார்.

எதிர்காலத்தைப் பற்றிய கடைசிப் பாடத்துக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பேன். பயமுறுத்தவில்லை, கதை அளக்கவில்லை. ஈர்ப்பால் கட்டுண்டவை கட்டுண்டே இருக்கும் என்பதை முதலில் உறுதியாகச் சொன்னார். பூமி விரியாது, சூரியக் குடும்பம் விரியாது, பால்வீதியும் அந்திரொமேடாவும் பிரியாது. அதற்கு வெளியே, வெற்றிடம் தனி எசமானான பிறகு, ஏறத்தாழ 1,210 கோடி ஆண்டுக்கு ஒருமுறை எல்லாத் தூரமும் இரண்டு மடங்காகும். தொலைவிலுள்ள மண்டலங்களின் ஒளி சிவந்து, மங்கி, ஒரு கட்டத்தில் பிடிபடாமலே போய்விடும். முசலத்தை இழுத்த கை இல்லாத பிரபஞ்சத்தில் கூடுகிற சக்திக்கு யார் கணக்குக் காட்டுவது என்று சேர் கேட்டார். பொதுச் சார்பியலில் ஒவ்வொரு சின்ன இடத்திலும் சக்திக் கணக்குச் சரியாக நிற்கிறது, விரியும் பிரபஞ்சம் முழுவதுக்கும் ஒரு மொத்தக் கூட்டுத்தொகை போடுவதற்கான விதி கிடையாது என்று மிஸ் நேராகவே பதில் சொன்னார். குவாண்டம் கோட்பாட்டின் நேரடி மதிப்பீடு, அளந்த வெற்றிடச் சக்தியைவிட 10¹²⁰ மடங்கு அளவுக்குப் பெரிதாக வருகிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களுக்கே தீராத இடங்களைத் தீராதவை என்று சொல்கிற ஆசிரியரிடம் படிப்பது பெரிய நிம்மதி.

தீராத இன்னொன்றும் உண்டு, அதற்கு நேரம் கிடைக்காமல் போனதுதான் என் பெரிய ஆதங்கம். நுண்ணலைப் பின்னணியிலிருந்து வரும் விரிவு வீதம் 67.4, கிட்டவுள்ள சுப்பர்நோவாக்களை அளந்து றீஸின் குழு சொல்வது 73. இரண்டும் ஒத்துப்போகவில்லை. அதோடு, அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டெசி என்ற கருவி பல மில்லியன் விண்மீன் மண்டலங்களை அளந்து, 2024இலும் 2025 மார்ச்சிலும் முடிவுகளை வெளியிட்டது. மற்றத் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தால், வெற்றிடத்தின் அடர்த்தி முற்றிலும் மாறாதது என்ற எடுகோளே ஆட்டம் காணுகிறது, காலத்தோடு அது மாறியிருக்கலாம் என்கிறது. கண்டுபிடிப்பு என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அது உண்மையானால், அமுக்கம் சக்தி அடர்த்திக்குச் சரிநிகர் என்ற அந்த முசலக் கணக்கையே திருத்த வேண்டிவரும். முசலத்தை இவ்வளவு அருமையாக வரைந்தவர் அதையும் வரைந்து காட்ட வேண்டும். கடைசி நாள் இதைக் கேட்டேன். "தனி ஞாயிறு ஒண்டு போடுவம் அக்கா, ஆக்கள் வந்தா" என்றார். ஆகவே தயவுசெய்து வாருங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: அடுத்த தொகுதி தைப்பொங்கல் கழிந்து. மாரி காலத்தில் ஒழுங்கையில் தண்ணீர் நிற்பதால் கார்த்திகை, மார்கழியில் வைப்பதில்லை. கல்முனைப் பக்கமிருந்து வருகிறவர்கள் பாலத்துக்கு முன்னமே இறங்கிக்கொள்ளலாம், பிரதான வீதியிலிருந்து நடக்கிற தூரம்தான். கார் ஒழுங்கைக்குள் திரும்பாது. படி செங்குத்து, முழங்கால் நோ உள்ளவர்கள் முன்னரே சொன்னால் கீழ் விறாந்தையில் வகுப்பை வைக்கிறார்கள், சேருக்காக இரண்டு தடவை அப்படி வைத்தார்கள். கட்டமிட்ட கொப்பி ஒன்று, சாதாரணக் கணிப்பான் ஒன்று, போனில் கொஞ்சம் டேட்டா. பெண்கள் தனியாக வருவதற்குத் தயங்கத் தேவையில்லை, ஆறு மணிக்குச் சரியாக விடுகிறார்கள், பஸ் இருக்கும்.